ஜப்பான் போகிறவர்களுக்கு பேங்க் வேலை: பாதியைக் கும்பகோணத்திலேயே முடித்துவிடுங்கள்

ஜப்பானுக்கு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, பேங்க்ல போய் என்ன பேசுறது?" என்பதுதான். பேசுவதற்கு அங்கே அதிகம் இல்லை. ஜப்பானிய பேங்க் காகிதத்தில் நடக்கிறது. நாலு வாக்கியம் தெரிந்தால் கணக்குத் தொடங்கிவிடலாம். ஆனால் உங்கள் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், சரளமாக ஜப்பானிய மொழி பேசுகிறவர்கூடக் கவுன்டரிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான்.

நான் ஷிசுவோகாவில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். இப்போது கும்பகோணத்தில் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறேன். வலங்கைமான், பாபநாசம், நீடாமங்கலம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். பராமரிப்பு, விவசாயம், உணவுத் தொழிற்சாலை என்று பல வேலைக்குப் போகிறார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் 'தொகுதெய் கினோ' என்ற தொழில் திறன் விசாவுக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு நம் பக்கத்தில் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. வகுப்பில் இலக்கணத்தோடு பேங்க் வேலையையும் சொல்லித் தருகிறேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பெயரைச் சரி செய்வது

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்வோம். ஊருக்குள் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஜப்பானில் எல்லா ஃபாரத்திலும் 'செய்', 'மெய்' என்று இரண்டு கட்டம் இருக்கும். குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும்.

அதனால் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போதே முடிவு செய்யுங்கள். செந்தில்குமார், அப்பா பெயர் முத்துக்கிருஷ்ணன் என்று வைத்துக்கொள்வோம். பலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, சொந்தப் பெயர்க் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். அது தவறில்லை, சட்டப்படி செல்லும். ஆனால் ஜப்பானில் அந்தக் காலிக் கட்டம் உங்களைத் துரத்தும். ஆன்லைன் ஃபாரம் அடுத்த பக்கத்துக்கே போகாது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகப் போட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அங்கே எல்லோரும் உங்களை "முத்துக்கிருஷ்ணன்-சான்" என்று அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் வாரம் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. பழகிவிடும்.

பாஸ்போர்ட் ஏற்கெனவே கையில் இருக்கிறது, கட்டம் காலி என்றால், தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து மாற்றலாம். நம் பகுதிக்குத் திருச்சி மண்டல அலுவலகம்தான் மேலிடம். விசா வேலை தொடங்கிய பிறகு இதில் கை வைக்காதீர்கள். அதற்கு முன்னால் செய்வதென்றால் செய்யுங்கள்.

அடுத்தது பாஸ்புக். பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் முத்துக்கிருஷ்ணன்', இங்கே உங்கள் கணக்கில் 'மு. செந்தில்குமார்', பான் கார்டில் இனிஷியல் பின்னால். இப்படி மூன்று விதமாக இருந்தால் ஜப்பானிலிருந்து வரும் பணம் நடுவழியில் நிற்கும். 1904-லேயே சொந்தமாக ஒரு வங்கி தொடங்கிய ஊர் கும்பகோணம், சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் இன்றும் இங்கேதான். ஆனாலும் இனிஷியலை விரித்து எழுதித் தரச் சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுமா" என்று என்னைத் திருப்பி அனுப்பிய கிளை ஒன்று டவுனில் உண்டு. விடாதீர்கள். பாஸ்போர்ட் நகலோடு எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

ஊரில் உள்ள கணக்கு

வெளிநாட்டு வேலைக்குப் போனவுடன் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் 'வெளிநாடுவாழ் இந்தியர்'. உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். சம்பளம் அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒன்று தனியாகத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். உங்கள் பெயரில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, அப்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறார். அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வருவதாக இருந்தால் என்ஆர்ஓ கணக்குக்குத்தான் வர வேண்டும். இங்கே சம்பாதித்த ரூபாயைப் பொதுவாக என்ஆர்இ கணக்கில் போடுவதில்லை. யென்னில் சம்பாதித்து அனுப்புவது என்ஆர்இ கணக்குக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

என்ஆர்இ கணக்கில் அம்மாவையோ அப்பாவையோ கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் சாதாரணக் கூட்டுக் கணக்கு மாதிரி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இருக்கும்வரை அவர்கள் உங்கள் சார்பில் அதிகாரக் கடிதத்தின் பேரில்தான் இயக்க முடியும். கிளம்புமுன் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஜப்பானிலிருந்து இதற்காகத் தூதரகச் சான்று வாங்கி அனுப்புவது பெரிய பாடு.

அம்மாவின் கணக்குக்கே நேராக அனுப்புகிறவர்களும் உண்டு. அது எளிது, தவறும் இல்லை. ஆனால் அவர்கள் கணக்கு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மட்டும் இருந்தால் அது இதற்கு உதவாது. வணிக வங்கியில் ஒன்று வேண்டும். பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஐஎஃப்எஸ்சி எண்ணை எழுதிக்கொண்டு போகாதீர்கள். 2020 ஏப்ரலில் பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தபோது நிறையக் கிளைகளின் எண் மாறிவிட்டது. சிண்டிகேட் கனராவோடு, அலகாபாத் இந்தியன் வங்கியோடு, ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடு சேர்ந்தன. கிளையில் கேட்டுப் புதிய எண்ணை வாங்குங்கள். கூடவே, வெளிநாட்டிலிருந்து பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் எண் எது என்றும் கேளுங்கள். பல கிளைகளுக்குத் தனியாக ஸ்விஃப்ட் எண் இருக்காது, பெரிய கிளை ஒன்றின் எண்ணைத்தான் தருவார்கள்.

அப்புறம் ஓடிபி. உங்கள் இந்திய சிம்மைச் செத்துப்போக விடாதீர்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமா என்று கிளம்புமுன் கம்பெனியில் கேட்டு, ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். அந்த எண் கைவிட்டுப் போனால் இங்கே உள்ள கணக்கை அங்கிருந்து திறக்கவே முடியாது.

இறங்கிய முதல் பதினான்கு நாள்

பெரிய விமான நிலையங்களில் இறங்கியவுடனேயே சாய்ரியூ கார்டு என்ற வசிப்பு அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். தங்குமிடம் முடிவான 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்ததும் அட்டையின் பின்பக்கம் முகவரியை எழுதித் தருவார்கள். பேங்குக்கு நகல் எடுக்கும்போது இரண்டு பக்கமும் எடுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்துப் போனால் வீண் அலைச்சல்.

ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்கு இல்லை என்று பல வங்கிகளில் சொல்வார்கள். அந்நாட்டு அந்நியச் செலாவணி விதிப்படி வந்து ஆறு மாதம் ஆகாதவர் பொதுவாக 'வசிப்பவர் அல்லாதவர்'. ஆனால் ஜப்பானில் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்த ஆறு மாதக் கணக்கு கிடையாது, வந்த உடனேயே வசிப்பவர்தான். அதனால் வேலைச் சான்றையோ நிறுவன அடையாள அட்டையையோ கையோடு கொண்டுபோக வேண்டும். அப்படியும் தயங்கும் கிளைகள் உண்டு. புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் போவது யூச்சோ என்ற தபால் வங்கிக்கு. நாடு முழுக்க 20,000-க்கும் மேல் தபால் நிலையங்கள் இருப்பதால் கிராமத்தில் வேலை கிடைத்தவருக்கும் அது பக்கத்திலேயே இருக்கும்.

தொகுதெய் கினோ முதல் வகை விசாவில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பேங்க் கணக்குத் தொடங்கவும் செல்பேசி இணைப்பு வாங்கவும் உதவுவது, உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் சட்டக் கடமை. அவர்களே செய்யலாம், அல்லது பதிவு பெற்ற ஆதரவு அமைப்பு மூலம் செய்யலாம். "நீங்களே போய்ப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம். கேட்காமல் சம்பளம் தாமதமானால்தான் அவர்களுக்கும் தலைவலி.

கதகானாவில் ஒரே எழுத்து

பேங்கில் உங்கள் பெயர் ஆங்கில எழுத்தில் மட்டும் இருக்காது, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா என்ற ஜப்பானிய எழுத்திலும் இருக்கும். உள்நாட்டுப் பணப் பரிமாற்றம் அந்தக் கதகானாப் பெயரை வைத்துத்தான் நடக்கும். செந்தில்குமார் என்பதை ஒருவர் 'சென்திருகுமாரு' என்று நெட்டெழுத்தோடு எழுதுவார், இன்னொருவர் 'சென்திருகுமரு' என்று குறிலாக்குவார். முத்து என்பது 'முது'வாகும், 'முட்சு'வும் ஆகும். நகராட்சியில் ஒரு கிளார்க் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி, கம்பெனி கணக்குப் பிரிவில் ஒரு மாதிரி எழுதிவிட்டால் கதை முடிந்தது. என்னிடம் படித்துப் போன பாபநாசத்துப் பையன் ஒருவனுக்கு முதல் மாதச் சம்பளம் ஒரு சின்னப் படுக்கைக் கோட்டால் திரும்பிப் போனது. கம்பெனி நெட்டெழுத்துக் கோடு போட்டிருந்தது, பேங்க் போடவில்லை.

ஆகவே வகுப்பில் நாங்கள் செய்வது இதுதான். ஒவ்வொருவர் பெயரையும் கரும்பலகையில் கதகானாவில் எழுதிப் பார்ப்போம். ஜப்பானியரிடம் படித்துக் காட்டச் சொன்னால் எப்படி ஒலிக்கும் என்று பார்த்து ஒன்றை முடிவு செய்வோம். பிறகு அதைத் தடிப்பான அட்டையில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நகராட்சி, பேங்க், கம்பெனி, செல்பேசிக் கடை எங்கே கேட்டாலும் வாயால் சொல்லாமல் அட்டையை நீட்ட வேண்டும். பெயரை வாயால் சொன்னால் கேட்பவர் காதில் விழுந்தபடிதான் எழுதுவார்.

கவுன்டரில்

பேங்க் கவுன்டர் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 3 மணிக்கு மூடிவிடும். தபால் நிலையத்தில் 4 மணி வரை. வேலைக்கு லீவு போட்டுத்தான் போக வேண்டும். மாதக் கடைசியிலும் 25-ஆம் தேதியிலும் போகாதீர்கள். பல கம்பெனிகள் 25-ஆம் தேதி சம்பளம் போடுகின்றன, கூட்டம் தாங்காது.

உள்ளே போனதும் வரிசை எண் சீட்டு எடுக்க வேண்டும். வாசலில் நிற்கும் ஊழியர் என்ன வேலையாக வந்தீர்கள் என்று மிக மரியாதையான மொழியில் கேட்பார். நீங்கள் படித்த ஜப்பானிய மொழியில் அது இருக்காது. பதறாமல், முன்பே எழுதி வைத்த காகிதத்தைக் காட்டுங்கள். "கோஸா ஓ ஹிராகிதாய் தெஸ்", கணக்குத் தொடங்க வேண்டும். அதன் கீழே பெயர், கதகானா, முகவரி, செல்பேசி எண், கம்பெனிப் பெயர், கம்பெனித் தொலைபேசி எண். இந்த ஒரு தாள் இருந்தால் அரை வேலை முடிந்த மாதிரி. புரியாவிட்டால் "கைதெ குதசாய்", எழுதிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பேசியதைப் பிடிக்க முடியாவிட்டாலும், எழுதியதைச் செல்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். எடுக்குமுன் அனுமதி கேட்டுவிடுங்கள், பேங்குக்குள் கேமராவைத் தூக்கினால் முகம் மாறிவிடும்.

ஒரு ஆறுதல். அவர்கள் வாக்கியம் நம் வாக்கியம் போலவேதான் நடக்கும். "கோகோ நி நமாஎ ஓ கைதெ குதசாய்" என்றால் இங்கே, பெயரை, எழுதுங்கள். வரிசை மாறவே இல்லை. வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதனால் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து கேளுங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிட நமக்கு இது சுலபம் என்று வகுப்பில் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

ஃபாரத்தில் மூன்று இடத்தில் கவனம். பிறந்த ஆண்டை ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் கேட்கலாம். 1989 முதல் 2019 ஏப்ரல் வரை ஹெய்செய் காலம். பிறந்த ஆண்டிலிருந்து 1988-ஐக் கழித்தால் ஹெய்செய் ஆண்டு கிடைக்கும். 1999-இல் பிறந்தவர் ஹெய்செய் 11. இன்றைய தேதிக்கு ரெய்வா, இந்த ஆண்டிலிருந்து 2018-ஐக் கழியுங்கள். முகவரி பெரியதிலிருந்து சின்னதற்குப் போகும். ஏழு இலக்கத் தபால் குறியீடு, மாகாணம், நகரம், அப்புறம் தெரு எண்கள், கடைசியில் அறை எண். நம்மூர் வழக்கத்தில் கதவு எண்ணை முதலில் எழுதிவிடாதீர்கள். மூன்றாவது, கணக்கு எதற்கு என்ற கேள்வி. 'க்யூயோ உகெதோரி', அதாவது சம்பளம் பெற, 'செய்கெய்ஹி கெஸ்ஸாய்', அதாவது குடும்பச் செலவு. இந்த இரண்டையும் டிக் செய்தால் போதும். சமூக விரோதக் கும்பலோடு உறவு இல்லை என்ற உறுதிமொழியிலும் கையெழுத்துக் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்பதுதான், உங்களை மட்டும் சந்தேகப்படவில்லை.

முத்திரை விஷயம். இப்போது பல இடங்களில் கையெழுத்துப் போதும். சில இடங்களில் ஹான்கோ என்ற பெயர் முத்திரை கேட்பார்கள். நூறு யென் கடையில் இருப்பதெல்லாம் ஜப்பானியப் பெயர்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் செய்ய வேண்டும், கதகானாவில் குறுக்கிச் செய்தால் அடங்கும். உள்ளேயே மை இருக்கும் ரப்பர் முத்திரையை பேங்கில் ஏற்கமாட்டார்கள்.

கணக்குத் தொடங்கிய அன்றே பெரும்பாலும் கார்டு கையில் வராது. பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாத பெட்டி என்றால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார், பேங்க் அதையே "முகவரி தவறு" என்று எடுத்துக்கொள்ளும். நாலைந்து பேர் சேர்ந்து தங்குகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

யூச்சோவில் இன்னொரு சிக்கல் உண்டு. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் 'கிகோ', 'பாங்கோ' என்று இரண்டு எண் இருக்கும். வேறு வங்கியிலிருந்து சம்பளம் வர அந்த எண்கள் போதாது. கிளைப் பெயர், மூன்றிலக்கக் கிளை எண், ஏழிலக்கக் கணக்கு எண் என்று வேறு வடிவம் வேண்டும். அதே பாஸ்புக்கில் கீழே அது அச்சிட்டிருக்கும். கம்பெனிக்கு முழுப் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள், எது வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஏடிஎம் முன்னால்

தபால் நிலைய ஏடிஎம்மிலும், செவன்-இலெவன் கடைகளில் உள்ளதிலும் ஆங்கிலத் திரை கிடைக்கும். தமிழ் இல்லை. சின்ன ஊர் வங்கிகளில் ஜப்பானிய மொழி மட்டும்தான். 'ஹிகிதாஷி' பணம் எடுக்க, 'அசுகெஇரெ' போட, 'ஃபுரிகோமி' அனுப்ப, 'சான்தாகா' இருப்புப் பார்க்க, 'தொரிகேஷி' ரத்து, 'ககுனின்' உறுதி. இந்த ஆறையும் எழுத்து வடிவத்தோடு மனப்பாடம் செய்யுங்கள்.

ரூபாய் பழக்கத்தில் தடுமாறும் இடம் தொகை அடிப்பது. ஏடிஎம்மில் எண்களுக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து இருக்கும். முதலாவது 'மான்', பத்தாயிரம். மேலே ஒரு படுக்கைக் கோடு, கீழே வளைந்து இறங்கும் இரண்டு கால். கோடிக்கரை மான் என்று நினைத்து என் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதனாலேயே மறப்பதில்லை. அடுத்தது 'சென்', ஆயிரம். கூட்டல் குறியின் தலையில் சாய்ந்த கோடு. மூன்றாவது 'என்', யென். நிலைக்கதவு மாதிரி இருக்கும். முப்பதாயிரம் யென் வேண்டுமென்றால் 3, மான், என். முப்பத்தையாயிரம் என்றால் 3, மான், 5, சென், என். 30 அடித்து மான் அழுத்தினால் மூன்று லட்சம் யென்.

நாலு இலக்க ரகசிய எண்ணில் பிறந்த நாளை வைக்காதீர்கள். வசிப்பு அட்டையிலேயே அது அச்சிட்டிருக்கிறதே. கார்டு உள்ளே மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் தொலைபேசியை எடுத்து "காடோ கா தெதெகிமாசென்" என்று சொல்லுங்கள். கார்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். ஏடிஎம் முன்னால் நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போடவே கூடாது. முதியவர்களைச் செல்பேசியில் பேசிப் பேசியே பணம் அனுப்ப வைக்கும் மோசடி அங்கே பெரிய பிரச்சினை. அதனால் ஏடிஎம்மில் செல்பேசியோடு நிற்பவரை ஊழியர் வந்து விசாரிப்பார்.

பல ஏடிஎம்களில் மாலையிலும் வாரக் கடைசியிலும் கட்டணம் கூடும். புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு அனுப்புவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜப்பானில் எஸ்பிஐ என்ற பெயரை எங்கும் பார்ப்பீர்கள். அது நம் பாரத ஸ்டேட் வங்கி இல்லை. எஸ்பிஐ ஹோல்டிங்ஸ் என்ற ஜப்பானிய நிதிக் குழுமம். 2023-இல் எஸ்பிஐ ஷின்செய் என்று பெயர் மாறிய வங்கியும் அவர்களுடையதுதான். நம் ஸ்டேட் வங்கிக்கு டோக்கியோவில் தனியாகக் கிளை இருக்கிறது. மன்னார்குடியில் கணக்கு இருக்கிறது என்று சொல்லி ஜப்பானிய எஸ்பிஐ அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம்.

வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் கட்டணம் அதிகம், நடுவில் உள்ள வங்கியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பதிவு பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனங்கள் மூலம் அனுப்புவது மலிவு. பெரும்பாலானவற்றில் ஒரு தடவைக்கு 10 லட்சம் யென் வரை அனுப்பலாம். எதில் பதிவு செய்வதானாலும் மை நம்பர் என்ற பன்னிரண்டு இலக்க எண் கேட்பார்கள். நகராட்சியில் முகவரி பதிந்த பிறகு அது கிடைக்கும். கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், கடைசியில் எத்தனை ரூபாய் கையில் சேரும் என்று பாருங்கள். கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு மாற்று விகிதத்தில் எடுத்துவிடுவார்கள்.

பதிவுக்கும் சரிபார்ப்புக்கும் நாள் ஆகும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விதை, உழவுக் கூலி என்று வீட்டிலிருந்து போன் வரும். மே 25 சம்பளத்தில் அனுப்பலாம் என்று அதுவரை பதிவே செய்யாமல் இருந்தால் நாற்று விட்ட பிறகுதான் பணம் சேரும். போன முதல் மாதமே பதிவு செய்து, சின்னத் தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றிப் பணம் அனுப்பும் உண்டியல் பக்கம் போகாதீர்கள். சிங்கப்பூர், வளைகுடா வழக்கத்தில் நம் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் சாதாரணமாகப் பேசுவார்கள். ஜப்பானில் அதற்குத் 'சிகா கின்கோ' என்று பெயர், குற்றம். இந்தியச் சட்டத்திலும் குற்றம்.

செய்யக் கூடாத இன்னும் சில

ஊர் திரும்பும் நேரத்தில் "உன் பாஸ்புக்கையும் கார்டையும் கொடு, பணம் தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். நம்மவராகவே இருக்கலாம். கணக்கை விற்பது குற்றம். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வரும், பெயர் உங்களுடையது. மறுபடி ஜப்பான் போகும் எண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கம்பெனியிலோ விடுதியிலோ "பத்திரமாக நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்று பாஸ்புக்கையும் வசிப்பு அட்டையையும் கேட்டால் கொடுக்காதீர்கள். பயிற்சி விசாவில் போகும் தொழிலாளர்களுக்கான ஜப்பானியச் சட்டம் இரண்டையும் தடை செய்கிறது.

வசிப்பு அட்டையைப் புதுப்பித்தவுடன் பேங்குக்கும் புதிய தேதியைத் தெரிவிக்க வேண்டும். பழைய தேதி கடந்துவிட்டால் கணக்கை நிறுத்தி வைப்பார்கள். இதற்காக வரும் கடிதம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். பேங்கிலிருந்து வரும் எந்த உறையையும் விளம்பரம் என்று தூக்கிப் போடாமல், வேலை இடத்தில் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

திரும்பும்போது

கணக்கை மூடிவிட்டு, நகராட்சியில் வெளியேறும் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆறு மாதமாவது ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் 'தத்தாய் இச்சிஜிகின்' என்ற மொத்தத் தொகை கிடைக்கும். வெளியேறிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியம் என்றால் 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதைத் திரும்பப் பெற, கிளம்புமுன் ஜப்பானில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரை உங்கள் வரிப் பிரதிநிதியாக வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். ஒன்று யோசியுங்கள். இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இரு நாட்டில் கட்டிய காலத்தையும் சேர்த்துக் கணக்கிடலாம். மொத்தத் தொகையை வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய காலம் அந்தக் கணக்கில் வராது. திரும்பவும் போகும் எண்ணம் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

இந்தப் பணம் உங்கள் பெயரில் உள்ள இந்தியக் கணக்குக்கே வரும். ஃபாரத்தில் கணக்கு விவரத்துக்கு பேங்க் முத்திரை வேண்டும், அல்லது பேங்க் கொடுத்த சான்றை இணைக்க வேண்டும். நம்மூர்க் கிளையில் இந்த ஃபாரத்தைப் பார்த்ததும் மேனேஜர் தயங்குவார், ஜப்பானிய எழுத்தைக் கண்டு எதற்குக் கையெழுத்துப் போடுகிறோமோ என்று. ஆங்கிலமும் சேர்ந்த ஃபாரத்தை ஜப்பானிய ஓய்வூதிய அமைப்பின் தளத்திலிருந்து எடுத்துப் போங்கள். கணக்கு எண், பெயர், ஸ்விஃப்ட் எண் இந்த மூன்றுக்கு மட்டும்தான் சான்று என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். ஊர் திரும்பியதும் என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்வார்கள். பணம் வந்து சேரச் சில மாதம் ஆகும் என்பதால், மாற்றும்போது கணக்கு எண் மாறுமா என்று முதலில் கேட்டுவிட்டு, மாறும் என்றால் புதிய எண்ணையே ஃபாரத்தில் எழுதுங்கள்.